பெரியம்மையைக் கண்டறிந்த கணக்கு



பல நாடுகள் கூடி ஒரு பெரும் நலத்திட்டத்தை நடத்துங்கால், அது பயன் தந்ததா என்று கண்டறிவதற்கெனத் தனியே ஒரு பணி உண்டு. கண்காணிப்பு என்றும் மதிப்பீடு என்றும் அதனைக் கூறுவர். அப்பணியின் அருமையை உணர்த்தப் பெரியம்மை ஒழிப்பின் வரலாற்றினும் சிறந்த சான்று வேறொன்றை நான் அறியேன்.

1959ஆம் ஆண்டில் உலக சுகாதாரப் பேரவை, இந்நோயை உலகினின்றே ஒழிப்பதென முடிவு செய்தது. இந்தியாவின் தேசியத் திட்டம் 1962இல் தொடங்கிற்று. மக்களில் 100க்கு 80 பேருக்கு அம்மை குத்திவிட்டால் நோய் அற்றுப்போகும் என்பது அந்நாளைய நம்பிக்கை. ஆகவே, அம்மை குத்தப்பெற்றோர் தொகையே வெற்றியின் அளவுகோலாயிற்று. ஏடுகளில் எண்கள் கோடிக்கணக்கில் ஏறின, நோயோ நீங்கவில்லை.

காரணம் வியப்பிற்குரியதன்று. பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். ஒரே பிள்ளைக்கு மீண்டும் மீண்டும் குத்தினாலும் கணக்கு ஏறும். கைக்குழந்தைகளும், பிழைப்பு நாடி ஊர் ஊராய்ச் செல்லும் கூலி மக்களும் விடுபட்டனர். வருகைப் பதிவேட்டை மட்டும் புரட்டிவிட்டு, ‘கல்வி நன்று’ என்றெழுதிச் சென்ற அதிகாரிகளை நானும் கண்டிருக்கிறேன்!

1967இல் உலக சுகாதார ஸ்தாபனம் டாக்டர் ஹெண்டர்சன் தலைமையில் தீவிர முயற்சியைத் தொடங்கியது. நோயுற்றோர் எத்தனை பேர் என்பதே இப்போது அளவுகோல். இதற்குச் சற்று முன்னர், கிழக்கு நைஜீரியாவில் மருந்து போதாமையால், டாக்டர் வில்லியம் ஃபேகி என்பார் நோயாளிகளைச் சூழ்ந்திருந்தோருக்கு மட்டும் அம்மை குத்தி, நோய் பரவாமல் தடுத்துக் காட்டியிருந்தார். ஆனால் இம்முறைக்கு நோய் எங்கே உள்ளது என்று முதலில் தெரிந்தாக வேண்டும்.

அதுதான் அரிதாயிருந்தது. நோய் கண்டதென அறிவித்த ஊழியர்மீதே பழி விழுந்தமையால், பலர் மறைத்தனர். 1973இன் பிற்பகுதியில் உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் வீடு வீடாகத் தேடியபொழுது, அறிக்கைகளில் கண்டதைவிடப் பன்மடங்கு நோயாளிகள் வெளிப்பட்டனர். மறு ஆண்டு பீகாரில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். பழைய முறைக்கே திரும்பலாம் என்ற குரலும் அங்கே எழுந்தது. புதிதாகத் தெரிய வந்த எண்ணைப் புதிதாக விளைந்த கேடென்று கருதியோர் அன்று பலர்.

ஆயினும் தேடல் நிற்கவில்லை. தேடச் சென்றவர்கள் உண்மையிலேயே தேடினார்களா என்று சோதிக்க, வேறு சிலர் பின்னே சென்றனர். நோயுற்ற குழந்தையின் படம் பொறித்த அட்டையை யாரேனும் காட்டினார்களா, நோயைப் பற்றிச் செய்தி சொல்வோர்க்குப் பரிசு உண்டென்பது தெரியுமா என்று ஊராரை வினவினர். என் கருத்தில், திட்டத்தின் உயிர்நாடி இந்த இரண்டாம் வருகையே.

இந்தியாவின் இறுதி நோயாளி 1975 மே மாதத்தில் அசாமின் கரீம்கஞ்சில் காணப்பட்டார். பரிசுத்தொகை 1,000 ரூபாயாக உயர்ந்தது. சின்னம்மை என்றும் தட்டம்மை என்றும் பல செய்திகள் வந்தன. பெரியம்மை ஒன்றேனும் அகப்படவில்லை. 1977 ஏப்ரலில் சர்வதேசக் குழுவொன்று மாநிலங்களை நேரிற் சென்று பார்த்து, இந்தியா பெரியம்மை நீங்கிய நாடெனச் சான்றளித்தது.