சார்மினாருக்குப் பத்து

எங்கள் தெருவில் சார்மினார் அட்டைக்கு 10. சிசர்ஸுக்கு 20. வில்ஸ் ஃபில்டருக்கு 50, கோல்டு ஃப்ளேக்குக்கு 100. வெளிநாட்டிலிருந்து யாராவது வந்துபோன வீட்டில் 555 அட்டை கிடைத்துவிட்டால் அது 1000. ஆனால் அதை ஆட்டத்தில் வைக்க யாருக்கும் மனசு வராது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சும்மா காட்டிக்கொண்டே திரிவான்கள்.

தொண்ணூறுகளின் பின்பாதி, கோவில்பட்டி. காலி சிகரெட் பாக்கெட்டைப் பிரித்து மேல் அட்டையைக் கிழித்து எடுத்தால் அதுதான் எங்கள் ரூபாய் நோட்டு. மண்ணில் வட்டம் போட்டு நடுவில் அட்டைகளை அடுக்கி, தூரத்தில் நின்று சில்லெறிய வேண்டும். வட்டத்துக்கு வெளியே தள்ளியது அத்தனையும் எறிந்தவனுக்கு. இந்த மதிப்புப் பட்டியலை யார் போட்டார்கள் என்று தெரியாது. பக்கத்துத் தெருவில் சிசர்ஸுக்கு 50 என்றார்கள், அதற்காக அடிதடியே நடந்திருக்கிறது. எல்லாத் தெருவுக்கும் பொதுவான விதி ஒன்று இருந்தது: ஃபில்டர் இல்லாதது மட்டம், ஃபில்டர் வைத்தது உசத்தி.

என் தாத்தா மட்டமான கட்சி. பஞ்சு மில்லில் முப்பது வருஷம். மில்லுக்குள் தீக்குச்சியே கொண்டுபோகக் கூடாது என்பதால் ஷிப்ட் முடிந்து கேட்டைத் தாண்டியதும் முதல் வேலை சார்மினார்தான். பெட்டிக்கடை ஓரத்தில் நார்க்கயிறு நுனியில் கங்குடன் தொங்கும், அதில் பற்றவைத்துக்கொள்வார். ஃபில்டர் சிகரெட்டை யாராவது நீட்டினால் சிரிப்பார். "நாள் பூரா பஞ்சைத்தானல மூக்குல இழுத்துட்டு வாரேன். வெளிய வந்தும் பஞ்சு வழியாத்தான் இழுக்கணுமாக்கும்?"

அவர் உதிரியாகத்தான் வாங்குவார், ஒரு தடவைக்கு ஒன்றோ இரண்டோ. வாங்கிவர என்னைத்தான் அனுப்புவார். உதிரியில் எனக்கு என்ன லாபம்? அட்டை கடைக்காரருக்கல்லவா போகிறது? "பாக்கெட்டா வாங்கு தாத்தா" என்று ஒரு கோடை விடுமுறை முழுக்க நச்சரித்தேன். ஒரு நாள் வாங்கினார்.

இந்தப் பெயர்களின் பூர்வீகத்தைப் பல வருஷம் கழித்து, வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் படித்தேன். சிசர்ஸ், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து வில்ஸ் கம்பெனியின் சரக்கு. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களிடம் பிரபலம். அந்தக் கால பாக்கெட்டுக்குள் ஒரு படச்சீட்டு இருக்கும். மெல்லிய பாக்கெட் நசுங்காமல் இருக்க வைத்த அட்டையில் படம் அச்சடித்து, அதையே வியாபார உத்தி ஆக்கிவிட்டார்கள். இங்கிலாந்துச் சிறுவர்கள் அந்தச் சீட்டுகளைச் சேர்க்க, புகைப்பவர்களிடம் கெஞ்சி நின்றார்களாம். படித்தபோது சொந்தக்காரப் பையன்களைப் பார்த்த மாதிரி இருந்தது. எங்களுக்குச் சீட்டு வரவில்லை, பாக்கெட்டையே சீட்டாக்கிக்கொண்டோம்.

1910-இல் கல்கத்தாவில் தொடங்கிய இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி, 1970-இல் இந்தியா டொபாக்கோ கம்பெனி ஆகி, பின்னர் ஐடிசி ஆனது. பாக்கெட் அச்சடிக்கும் தொழிலை அது 1925-லேயே தொடங்கிவிட்டது. அதன் அச்சு ஆலைகளில் ஒன்று சென்னை திருவொற்றியூரில். அதாவது எங்கள் தெருவின் நோட்டு அச்சகம் வடசென்னையில் இருந்திருக்கிறது!

சார்மினார் ஹைதராபாத் சரக்கு. வஜீர் சுல்தான் டொபாக்கோ கம்பெனி 1930-இல் நிஜாம் ராஜ்ஜியத்தில் பதிவானது. ஊரின் அடையாளத்தையே அட்டையில் போட்டு நாடு முழுக்க விற்றார்கள். சத்யஜித் ராயின் துப்பறிவாளர் ஃபெலுதா புகைப்பதும் சார்மினார்தான். கல்கத்தா அறிவாளிக்கும் கோவில்பட்டி மில் தொழிலாளிக்கும் ஒரே பிராண்ட் என்பது இன்றைக்கு யோசிக்க முடியாத விஷயம்.

இவையெல்லாம் ஏன் மறைந்தன? காலம் மாறியது, ருசி மாறியது, விழிப்புணர்வு வந்தது என்று நானும் நினைத்திருந்தேன். விளம்பரத் தடை 2004-இல் வந்தது, பாக்கெட்டில் எச்சரிக்கைப் படம் 2009-இல். இரண்டுக்கும் பங்கு உண்டு. ஆனால் ஃபில்டர் இல்லாத சிகரெட்டை நிஜமாகவே சாய்த்தது ஓர் அட்டவணை.

ஒரு காலத்தில் இந்தியாவில் சிகரெட்டின் கலால் வரி பாக்கெட்டில் அச்சிட்ட விலையைப் பொறுத்து இருந்தது. அச்சிட்ட விலைக்கு மேல் கடையில் விற்கிறது என்று சொல்லி, 1987-இல் ஐடிசிக்கு 803 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் போனது. வழக்கு இழுத்து இழுத்து 2004-இல் உச்ச நீதிமன்றத்தில் கம்பெனி பக்கம் தீர்ந்தது. இந்தத் தலைவலிக்கெல்லாம் இடமில்லாமல் 1987-லேயே அளவுகோலை மாற்றிவிட்டார்கள். இனி விலை இல்லை, நீளம். 60 மில்லிமீட்டர் வரை ஒரு வரி, 70 வரை ஒரு வரி, அதற்கு மேல் இன்னொன்று. ஃபில்டர் இல்லாததற்குத் தனி வரிசை, குறைந்த வரி. எங்கள் தெருப் பட்டியலேதான்: ஃபில்டர் இல்லாதது மட்டம். உடனே கம்பெனிகள் 59, 69 என்று வெட்ட ஆரம்பித்தன. பிற்பாடு 65 வரைக்கும் ஒரு வரிசை வந்ததும் 64 மில்லிமீட்டர் சிகரெட் கடைக்கு வந்துவிட்டது. நிரல் எழுதிப் பிழைப்பவனுக்கு இது நன்றாகப் புரியும். நிபந்தனையை எங்கே வைக்கிறோமோ அதற்கு ஒரு புள்ளி முன்னால் உலகம் வந்து நின்றுகொள்ளும்.

2008 பிப்ரவரி 29. சிவகங்கைக்காரரான ப.சிதம்பரம் பட்ஜெட் வாசித்தார். விவசாயக் கடன் தள்ளுபடி வந்த பட்ஜெட் என்றுதான் எல்லோருக்கும் ஞாபகம், எங்கள் கல்லூரி விடுதி டிவி அறையிலும் அதைத்தான் பேசினோம். அதே நாளில் ஃபில்டர் இல்லாத சிகரெட்டின் சலுகை போனது. 60 மில்லிமீட்டர் வரையிலானதற்கு 1000 குச்சிக்கு 168 ரூபாயாக இருந்த வரி 819 ஆனது. அடுத்த அளவுக்கு 546 ரூபாய் 1323 ஆனது. மட்டமான கட்சியும் உசத்தியான கட்சியும் இனி ஒரே வரிசை. அவ்வளவுதான். கம்பெனிகள் வேகமாகக் கடையைக் கட்டின. சிசர்ஸ், சார்மினார் என்ற பெயர்களை ஃபில்டர் சிகரெட்டுகளுக்குச் சூட்டி வைத்துக்கொண்டன. பெயர் சொத்து, உள்ளே இருப்பது மாறிக்கொள்ளலாம்.

நியாயமாகப் பார்த்தால் அந்த முடிவில் எனக்குக் குறை சொல்ல எதுவுமில்லை. அதிக நச்சுக்குக் குறைந்த வரி என்பதே கேலிக்கூத்து. (ஃபில்டரால் ஆபத்து நீங்கிவிடுகிறது என்பதும் கம்பெனிகள் பரப்பிய நம்பிக்கைதான்.) ஆனால் அட்டவணையின் ஓரத்தில் பீடி இருந்தது, வரி என்று பெயருக்கு ஏதோ. எங்கள் பக்கம் முக்கூடல் வரைக்கும் வீடு வீடாகப் பீடி சுற்றுகிறார்கள், அதில் கைவைக்க யாருக்குத் துணிச்சல்? எங்கள் கடைக்குச் சார்மினார் வரத்து நின்றதும் தாத்தா ஒரு வாரம் முனகினார். அப்புறம் பீடிக்கு மாறினார். நிதியமைச்சர் நினைத்தது அதுவல்ல.

2010-இல் அவருக்குப் படியேற முடியவில்லை. திருநெல்வேலியில் நெஞ்சக நோய் டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தபடியே மில்லில் எந்த வேலை என்று கேட்டார். பஞ்சுத் தூசியும் காரணம், புகையும் காரணம், இதில் எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது என்றார். எனக்குள் கொஞ்சம் ஆறுதல் எட்டிப் பார்த்தது.

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"முன்னாடியெல்லாம் உதிரிதான் சார், ரெண்டு மூணு. அப்புறந்தான் பாக்கெட்டு."

"அது எப்பத்துல இருந்து?"

தாத்தா கொஞ்ச நேரம் யோசித்தார். மூச்சு வாங்கியது.

"ஞாபகமில்ல சார்."

எனக்கு ஞாபகம் இருந்தது. நான்காம் வகுப்பு முழு ஆண்டு லீவு. அவர் பேண்டேஜ் மாதிரி வெள்ளை வேட்டியின் மடிப்பிலிருந்து காசை எடுத்து என் கையில் வைத்து, "போல, உனக்குத்தான் பாக்கெட்டு" என்றார்.