உலக வரலாறு எங்கே நடந்தது? ஸ்ரீவைகுண்டத்து வகுப்பறையிலிருந்து சில குறிப்புகள்

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் பாடநூலில், 2019இல் வந்த புத்தகத்தில், வரலாற்றுக்குப் பத்துப் பாடங்கள். முதல் நான்கும் உலகம்: முதல் உலகப்போர், இரு போர்களுக்கு இடைப்பட்ட காலம், இரண்டாம் உலகப்போர், அதற்குப் பிந்தைய உலகம். ஐந்தாவது சமூக, சமயச் சீர்திருத்தம். ஆறாவதில்தான் நம்ம பக்கத்து மண் வருகிறது. பூலித்தேவர், கட்டபொம்மன். ஒன்பதாவதில் வ.உ.சி. பழைய புத்தகங்களோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தோ-சீனாவும் தென்னாப்பிரிக்காவும் உள்ளே வந்திருக்கின்றன. என் பேச்சு உள்ளடக்கத்தைப் பற்றியதல்ல, அடுக்குமுறையைப் பற்றியது. உலகம் முதலில் நடந்து முடிந்துவிடுகிறது. அதை மூட்டை கட்டி வைத்த பிறகு நாம் வருகிறோம். உலகத்துக்கு 'காரணங்கள்', 'விளைவுகள்'. நமக்கு 'எதிர்ப்பு', 'போராட்டம்'. இந்தப் பிரிப்பை யாரும் உட்கார்ந்து சதி செய்து உண்டாக்கவில்லை. பழக்கம்தான். சதியைக் கண்டுபிடித்துவிடலாம், பழக்கத்தைக் கண்டுபிடிப்பது கடினம்.

ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு பள்ளியில் சில வாரங்கள் சமூக அறிவியல் வகுப்பு எடுக்க நேர்ந்தது. நான் தமிழ் எம்.ஏ. வரலாற்றுக்காரன் அல்ல. "வாசிக்க வச்சு அடிக்கோடு போடச் சொல்லுங்க, போதும்" என்றுதான் சொல்லி அனுப்பினார்கள். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். வரைபடத்தில் போஸ்னியாவையும் செர்பியாவையும் கண்ணை மூடிக்கொண்டு குறிக்கிறார்கள். சரயேவோவில் சுட்டவன் பெயர், சுட்ட தேதி எல்லாம் வாயில் நிற்கிறது. பின்பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான்: "சார், இந்தச் சண்டையில நம்ம ஊரு யாரு பக்கம்?" வகுப்பே சிரித்தது. சிரித்ததுதான் எனக்கு உறுத்தியது. கேள்வியில் ஒரு தப்பும் இல்லை. உலகப்போரில் ஸ்ரீவைகுண்டத்துக்கு ஒரு பக்கம் இருந்திருக்கும் என்கிற நினைப்பே கேலிக்குரியதாகப் பதினைந்து வயதுக்குள் பதிந்துவிட்டிருக்கிறது.

'எம்டன்' என்ற சொல்லை வீட்டில் கேட்டிருக்கிறீர்களா என்று கேட்டேன். பாதிப் பேர் கை தூக்கினார்கள். "எங்க ஆச்சி எங்க மாமாவச் சொல்லுவா சார், அவன் பெரிய எம்டம்லான்னு." 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்தில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர் அது. கில்லாடி, எமகாதகன், பிடிபடாதவன் என்ற பொருளில் தமிழுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆங்கிலேயனின் எண்ணெயைக் கொளுத்தியவனைத் தமிழ் பயத்தோடு மட்டும் நினைவு வைத்துக்கொள்ளவில்லை என்பது கவனத்துக்குரியது. அந்தச் சொல்லில் ஒரு ரசனை இருக்கிறது. யார் பக்கம் என்ற பையனின் கேள்விக்கு ஆச்சியின் வசவு ஒரு பதில் வைத்திருக்கிறது. பாடநூலில் அது இல்லை. கங்காணி, துரை, கொழும்பு, ரங்கூன் என்று இதே போல நம் பேச்சுமொழியில் கிடக்கும் சொற்களை எடுத்து அடுக்கினாலே ஏகாதிபத்தியம் பற்றிய ஒரு பாடம் ஆகிவிடும்.

இதற்கு முன்னோடி இல்லாமல் இல்லை. இரண்டாம் உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளில் புதுமைப்பித்தன் முசோலினியைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். தலைப்பு 'பாசிஸ்ட் ஜடாமுனி'. ஹிட்லர் பற்றிய புத்தகத்துக்குக் 'கப்சிப் தர்பார்'. சிறுகதைக்காரர் பிழைப்புக்காக எழுதியவை என்று விமர்சகர்கள் ஓரமாக ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் அந்தத் தலைப்புகளைப் பாருங்கள். ரோமாபுரியின் சர்வாதிகாரியை நம்மூர் மரத்தில் சடையை விரித்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஜடாமுனியாக்கிவிடுகிறார். அயல் நிகழ்வைப் புரியவைக்கும் உத்தி என்று மட்டும் இதைச் சுருக்க முடியாது. பாசிசம் நமக்குத் தெரியாத சரக்கல்ல என்கிற தீர்ப்பும் அதற்குள் இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்துச் சேரியிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் மருதியின் கதையான 'துன்பக்கேணி'யை எழுதிய அதே கைதான் இது.

சரி, ஊருக்கு வருவோம். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஆற்றைத் தாண்டித் தென்கரையில் திருநெல்வேலி சாலையில் கொஞ்ச தூரம் போனால் ஆதிச்சநல்லூர். தாழிக்காடு. 1876இல் பெர்லினிலிருந்து வந்த ஜாகோர் என்பவர் இங்கே தோண்டினார். பானைகள், இரும்பு ஆயுதங்கள், எலும்புகள், மண்டையோடுகள் பெர்லின் போய்ச் சேர்ந்தன. 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டியவை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு. 1903இல் பாரிசிலிருந்து லாபிக் வந்து தன் பங்கை எடுத்துப் போனார். ஜாகோர் தோண்டிய அந்த 1876இல்தான் சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் பிடித்தது. ஜனங்கள் வழிநெடுகச் செத்துக்கொண்டிருந்த மாகாணத்திலிருந்து பழைய பிணங்களின் மண்டையோடு கப்பலேறியது. எட்டு ஆண்டுகள் கழித்து அதே பெர்லின் நகரத்தில் ஐரோப்பிய அரசுகள் உட்கார்ந்து ஆப்பிரிக்காவைப் பங்கு போடும் விதிகளை எழுதின. மாநாடு 1884 நவம்பரில் தொடங்கி 1885 பிப்ரவரியில் முடிந்தது. முன்னது தொல்லியல், பின்னது அரசியல் என்று நாம் தனித்தனியாகப் படிக்கிறோம். மண்டையை அளந்து மனிதனை வகை பிரிக்கிற அறிவும் கோடு கிழித்து நிலத்தை வகை பிரிக்கிற அதிகாரமும் ஒரே ஊரில், ஒரே காலத்தில் வளர்ந்தவை.

ரீ எடுத்த மண்டையோடுகளின் கதை இன்னும் தூரம் போகிறது. அவற்றை ஆராய்ந்து 'ஆதிச்சநல்லூர் மண்டையோடுகள்' என்ற அறிக்கையை எழுதியவர் சோலி சுக்கர்மன். சென்னை அருங்காட்சியகம் 1930இல் அதை வெளியிட்டது. தென்னாப்பிரிக்காவில் பிறந்து லண்டனில் உடற்கூறு படித்தவர். இதே சுக்கர்மன் இரண்டாம் உலகப்போரில் வெடிகுண்டு மனித உடலை என்ன செய்யும், கட்டடத்தை என்ன செய்யும் என்று கணக்குப் பார்த்தார். 1944இல் நார்மண்டித் தரையிறக்கத்துக்கு முன்னால் பிரான்சின் ரயில்பாதைகளைக் குண்டுவீசி முடக்கும் திட்டத்துக்கு ஆலோசகராக இருந்தார். மூன்றாம் பாடத்தில் நார்மண்டி வரும்போது, அந்தக் குண்டுகளின் இலக்கைக் கணக்கிட்டவரின் கை ஆத்துக்கு அக்கரையில் கிடந்த மண்டையோட்டைப் பிடித்துப் பார்த்த கை என்று சொன்னேன். ஒருத்தி வாய்பிளந்தாள். மார்க்குக்கு வருமா என்று இன்னொருத்தி கேட்டாள். இரண்டும் நியாயம்தான்.

இந்த இடத்தில் ஓர் ஆபத்து இருக்கிறது. ஆதிச்சநல்லூர் என்றதும் பிள்ளைகளின் முகம் மலர்கிறது. காரணம் பெர்லின் இல்லை, பெருமை. பக்கத்துச் சிவகளையில் கிடைத்த இரும்பின் காலத்தைக் கி.மு. 3345 வரை கொண்டுபோகலாம் என்று 2025 ஜனவரியில் அரசு அறிவித்தது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அந்த ஆண்டை ஒப்பிக்கிறார்கள். 1876ஐ ஒருவருக்கும் தெரியவில்லை. உலகம் வேறெங்கோ நடந்தது என்று பாடநூல் சொன்னால், உலகமே இங்கிருந்துதான் தொடங்கியது என்று மேடை சொல்கிறது. இரண்டும் எதிரெதிர் கதையாடல்கள் போலத் தெரிந்தாலும் செய்கிற காரியம் ஒன்றே. கடந்த இருநூறு ஆண்டுகளில் இந்த ஆற்றங்கரையில் யார் யாரை என்ன செய்தார்கள் என்ற கேள்வியிலிருந்து இரண்டுமே நம்மை விடுவித்துவிடுகின்றன.

அடிமை முறையையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் லிங்கன், 1863, 1865 என்று எல்லாருக்கும் தெரிகிறது. பிரிட்டன் தன் சாம்ராஜ்யத்தில் அடிமை முறையை ஒழித்த சட்டம் 1833இல் வந்தது. ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனியின் நிலப்பகுதிகளுக்கு அது பொருந்தாது என்று அந்தச் சட்டமே விலக்குக் கொடுத்தது. இலங்கைக்கும் அப்படியே. அந்த விலக்குக்குள்தான் தாமிரபரணியின் வயல்கள் இருந்தன. தமிழ்நாட்டு நன்செய்ப் பகுதிகளில் பள்ளரும் பறையரும் நிலத்தோடு கட்டப்பட்ட அடிமைகளாக இருந்ததைக் கம்பெனியின் அதிகாரிகளே எழுதி வைத்திருக்கிறார்கள். இங்கே அடிமை முறைக்குச் சட்ட அங்கீகாரம் இல்லை என்றான 5ஆம் சட்டம் 1843இல்தான் வந்தது. 1833ஐ மட்டும் நடத்தினால் லண்டனின் கருணை தெரியும். விலக்கையும் சேர்த்து நடத்தினால்? வெள்ளைக்காரனின் வியாபாரமும் நம்ம பண்ணையார்களின் வசதியும் ஒரே வாக்கியத்தில் கைகோத்து நிற்பது தெரியும். பெருமை பேசுகிறவர்களுக்கு அந்த வாக்கியம் தொண்டையில் சிக்கும். வெள்ளையனை எதிர்த்தவர்கள் பட்டியலை மட்டுமே உள்ளூர் வரலாறாக வைத்திருப்பவர்களுக்கும் அப்படித்தான்.

பிறகு மாஞ்சோலை. 1863இல் பம்பாயில் தொடங்கிய ஒரு கம்பெனி, பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன். ஸ்காட்லாந்துக்கார வாலஸ் சகோதரர்களுடையது. பர்மாவில் தேக்கு வெட்டினார்கள். எடுத்த மரத்துக்குக் குறைத்துக் கணக்குக் காட்டினார்கள் என்று 1885இல் மன்னன் தீபாவின் அரசு பெருந்தொகை அபராதம் விதித்தது. அதையே சாக்காக வைத்து ஆங்கிலப் படை இரவாடி ஆற்றில் ஏறிப்போய் நவம்பர் கடைசியில் மண்டலேயைப் பிடித்தது. 1886 ஜனவரி முதல் தேதி பர்மா பிரிட்டிஷ் இந்தியாவோடு சேர்க்கப்பட்டது. மன்னன் ரத்தினகிரியில் சிறைவாழ்வு வாழ்ந்து 1916இல் செத்தான். ஒரு கம்பெனியின் மரக்கணக்கு ஒரு நாட்டை விழுங்கியது. இதே கம்பெனிதான் 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 8,374 ஏக்கர் மலைக்காட்டை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. தாமிரபரணிக்கு நீர் தருகிற மலையில் தேயிலை வந்தது. கீழேயிருந்து ஜனங்கள் ஏறினார்கள். பெரும்பாலும் தலித்துகள்.

1999 ஜூலை 23ஆம் தேதி, கூலி உயர்வும் சிறையிலிருந்த தொழிலாளர்களின் விடுதலையும் கேட்டுத் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போன ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து ஆற்றுக்குள் விரட்டியது. 17 பேர் செத்தார்கள். அவர்களில் ஒரு கைக்குழந்தை. 2024இல் விருப்ப ஓய்வு என்ற பெயரில் தொழிலாளர்களிடம் கையெழுத்து வாங்கித் தோட்டத்தை மூடினார்கள். நாலு தலைமுறையாக மேலே இருந்தவர்கள் கீழே இறங்க வேண்டியதாயிற்று. குத்தகைக் கணக்கு 2028இல் முடிகிறது. கம்பெனி முடியவில்லை. இன்று அது வாடியா குழுமத்தின் கையில் இருக்கிறது. பிரிட்டானியா பிஸ்கட்டின் பெரும்பங்கும் அதனிடம்தான். இடைவேளையில் பிள்ளைகள் பிரித்துத் தின்கிற பாக்கெட் வரைக்கும் தீபாவின் கதை வந்துவிடுகிறது.

மண்டலேயும் சிங்கம்பட்டியும் கொக்கிரகுளத்து ஆற்றங்கரையும் ஒரே பாடத்தில் வர வேண்டியவை. எந்தப் பாடத்தில் வைக்கலாம் என்று பல வருஷம் சமூக அறிவியல் நடத்திய அண்ணாச்சி ஒருவரிடம் கேட்டேன். புத்தகத்தை வாங்கி வரலாற்றுப் பகுதியை முன்னும் பின்னும் புரட்டினார். "இதுல எங்கயும் இடமில்ல தம்பி" என்றார். பிறகு, "புவியியல்ல தேயிலை வருதுல்லா, அங்கன வேணா சொல்லிக்கிடலாம்."