பனி படிந்த கண்

போன வருஷம் ஆசை ஆசையாக ஒரு பழைய 'ஃபெட்' கேமரா வாங்கினேன். ஜெர்மனியின் 'லைக்கா'வைப் பார்த்து சோவியத் யூனியன் அடித்த காப்பி! செய்தது யார் தெரியுமா? 1934 முதல், உக்ரைனின் கார்கிவ் நகரில், தெருவில் திரிந்த சிறுவர்களைச் சேர்த்து நடத்திய தொழிற்குடியிருப்பில் தயாரானது. சோவியத் ரகசிய போலீஸை உருவாக்கிய ஃபெலிக்ஸ் எட்முந்தோவிச் ஜெர்ஜின்ஸ்கியின் முதலெழுத்துகள்தான் 'ஃபெட்'. பையன்கள் செய்த கேமராவுக்குப் போலீஸ்காரர் பெயர்!

முதல் ரோலில் புதுச்சேரியிலுள்ள என் பெரியம்மாவை, ஜன்னலுக்கு முன்னால் உட்காரவைத்து எடுத்தேன். கழுவிப் பார்த்தால் முகத்தையே காணோம். வெள்ளையாக ஒரு மூட்டம். ''ஏம்ப்பா, நான் உசிரோட இருக்கும்போதே ஆவியா எடுத்துட்டியே!'' என்றார். சிரித்தேனே தவிர, சுருக்கென்றது. அவருக்கு வயசு எண்பத்தெட்டு.

லென்ஸின் பின்புறம் டார்ச் அடித்தேன். உள்ளே மார்கழிப் பனி! ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் இதுதான் வில்லங்கம். குட்டி ஜன்னலில் ஒரே ஆள் இரண்டாகத் தெரிவார். வளையத்தைத் திருகி இரண்டையும் ஒன்றாக்கினால் ஃபோகஸ். ஆனால், அந்த ஜன்னல் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. லென்ஸ் மங்கியிருப்பது ஃபிலிம் கழுவுகிறவரை தெரியவே தெரியாது!

பழைய கேமராக்காரர் ஒருவரிடம் ஓடினேன். ''இது உள்ளே போட்ட கிரீஸ் ஆவியாகிப் படிஞ்சது சார். துடைச்சா போயிடும். ஓரத்துல நூல் மாதிரி தெரியுது பாருங்க, அது பூஞ்சை. கண்ணாடியைத் தின்னிருந்தா தழும்பு போகாது. கடல் காத்து ஊர்ல இதைத் தோல் உறையில வைக்கலாமா?'' நாலு நாள் கழித்து வரச் சொன்னார்.

அந்த நாலு நாளும் என் மனதில் ஓடியது 1950 ஏப்ரல்தான்.

அப்போது புதுச்சேரி இன்னும் பிரெஞ்சுக்காரர்கள் கையில். உலகப் புகழ்பெற்ற புகைப்படக்காரர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன், லைக்காவோடு வந்து இறங்குகிறார். பத்தே நாள் முன்பு, ஏப்ரல் 14-ம் தேதி இரவு ரமண மகரிஷி மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தவர். 1948 ஜனவரி 30 அன்று காந்தியைச் சந்தித்து விடைபெற்ற கொஞ்ச நேரத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்ட செய்தியும் அவருக்கு வந்து சேர்ந்தது. என்ன மனுஷர்!

1910-ல் பிரிட்டிஷார் பிடியிலிருந்து தப்பி இங்கே வந்த அரவிந்தர், 1926 முதல் அறைக்குள்ளேயே ஒதுங்கிவிட்டார். வருஷத்துக்கு நாலு நாள்தான் தரிசனம். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாகப் படமே எடுக்கவிடவில்லை. பாரீஸில் பிறந்த அன்னையின் சம்மதத்தால் கதவு திறந்தது. ஏப்ரல் 24 தரிசனத்தை எடுத்தார். மறுநாள் அறைக்குள் நாற்காலியில் அமர்ந்த அரவிந்தரை எடுத்தார். அந்தப் பத்து நிமிஷம்போல அரவிந்தர் கண்கூட இமைக்கவில்லை என்று குறித்துவைத்திருக்கிறார்.

அதே ஆண்டு டிசம்பர் 5-ம் தேதி அரவிந்தர் மறைந்தார். எட்டு மாதம் கூட ஆகவில்லை! அன்று அந்த லென்ஸுக்குள் என் லென்ஸைப் போலப் பனி இருந்திருந்தால்? நினைக்கவே வயிற்றைக் கலக்கியது.

நாலாம் நாள் போனேன். கேமராக்காரர் மறைகளை எங்கே கழற்றினார் என்று புள்ளி வைத்து, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய தாளால் ஒத்தி ஒத்தி எடுத்திருந்தார். பூஞ்சைக்கு அமோனியாவும் ஹைட்ரஜன் பெராக்ஸைடும். ''ஒட்டியிருக்கிற ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல மட்டும் கை வைக்கமாட்டேன் சார். ஓரத்துல ஒரு தழும்பு நிக்குது. வெளிச்சத்தைப் பார்த்து எடுக்காதீங்க. முன்னாடி ஒரு ஹூட் போட்டுக்குங்க'' என்றார்.

நேராகப் பெரியம்மா வீடு. இந்தமுறை நான் ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றேன். வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. இரண்டு பெரியம்மாவும் மெள்ள நெருங்கி ஒன்றாகிற நேரத்தில்...

''சாப்பிட்டியாப்பா?'' என்று எழுந்துவிட்டார்.

''அசையாதீங்க பெரியம்மா!''

''நான் என்ன அரவிந்தரா?''

அப்போது அழுத்தியதுதான். கை கொஞ்சம் ஆடியிருக்கிறது. முகம் தெரிகிறது.