கையைச் சரிசெய்தால் மட்டும் போதுமா?

தொழுநோய் வந்தால் விரல் அழுகி விழுந்துவிடும்னு ஊரில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது அப்படி இல்லை என்று காட்டிய வேலையில் பெரும்பங்கு நம்ம வேலூரில்தான் நடந்தது.

பால் பிராண்ட் 1914இல் பிறந்தார். மிஷனரிப் பெற்றோருடன் கொல்லிமலையில் வளர்ந்து, லண்டனில் மருத்துவம் படித்து, 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை சிகிச்சை கற்பிக்க வந்தார். அடுத்த வருடம் தொழுநோய் நிபுணர் ராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே மடங்கிப்போன ஒரு கையைப் பிடித்துப் பார்த்தால், பிடி இரும்பு மாதிரி இருக்கிறது! அப்படியென்றால் சில தசைகள்தான் செயலிழந்திருக்கின்றன. கை முழுக்கச் சாகவில்லை.

தனியாக கிளினிக் வைத்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கலாம். கல்லூரி மருத்துவமனையில் சக நிபுணர்கள், பிசியோதெரபி, மாணவர்கள் எல்லாம் இருந்தார்கள். இறந்த நோயாளி ஒருவரின் உடலைப் பரிசோதித்தபோது, தோலுக்கு அருகில் சூடு குறைவாக உள்ள இடங்களில்தான் நரம்புகள் வீங்கியிருந்தன. முன்கையில் நல்ல தசைகள் மிச்சமிருந்தன. அவற்றின் தசைநாணை விரல்களுக்கு மாற்றி இணைத்தார் பிராண்ட். மடங்கிய கை விரிந்தது. விரல்கள் குறைந்துபோவதற்கு முக்கியக் காரணம், வலி தெரியாமல் படும் காயமும் தீப்புண்ணும்தான் என்பதும் புரிந்தது.

ஆனால் கை சரியானவர்களுக்குப் பிச்சை குறைந்துபோனது. வேலை கொடுக்கவும் ஆளில்லை. அறுவை சிகிச்சை வெற்றி, வயிறு காலி! அதனால் நியூ லைஃப் சென்டர் வந்தது. தச்சுவேலை கற்றுக்கொண்டே, புண் படாமல் கையைக் காத்துக்கொள்ளவும் அங்கே பழகினார்கள்.

1954இல் விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே இந்தக் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க்கில் பயிற்சி பெற்றுத் திரும்பி, வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையையே தொடங்கினார்.

பிராண்ட் 1966இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போனார். வலி தெரியாத கால் பற்றி இங்கே கற்றது, அங்கே சர்க்கரை நோயாளிகளின் பாதத்தைக் காக்கவும் உதவியது. ஒரு டாக்டர் தன் வாழ்நாளில் எத்தனை கைகளைத்தான் சரிசெய்ய முடியும்? கற்றுக்கொடுக்கும் இடத்தில் இருந்ததால்தான் அந்தக் கணக்கு அவரோடு நிற்கவில்லை.