கையின் விலை

ஸ்டைன்பெக்கின் 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' (1937) சிநேகத்தின் கதை என்பார்கள். அம்பத்தூரிலிருந்து படிக்கும் எனக்கு அது நஷ்டஈட்டின் கதையும்கூட. ஜார்ஜும் லென்னியும் கனவு காணும் நிலம் 600 டாலர். கிழவன் கேண்டி 350 தருகிறேன் என்கிறான். அதில் 250, பண்ணையில் கை போனதற்குக் கிடைத்தது. அப்புறம்தான் கனவு கணக்காகிறது.

1955 ஜனவரியில் ஆவடி காங்கிரஸ் சோஷலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. பக்கத்து அம்பத்தூரில் 1964இல் தொழிற்பேட்டை வந்தது. கிராமத்து நிலத்தை விட்டு வந்தவர்கள் பிரஸ் ஷாப்பில் நின்றார்கள். சீட்டுக் கட்டி அரை கிரவுண்டு மனைக்கு ஆசைப்பட்டார்கள். விரல் போனவர்களும் உண்டு.

பேராசையை முதலாளியிடம் மட்டும் தேடும் விமர்சனம் பாதிதான் படிக்கிறது. இல்லாதவன் சிநேகத்தில் பங்கு கேட்கவும் உடம்பில் ஒரு துண்டைக் கொடுத்திருக்க வேண்டும். நாவலின் குரூரம் அதுதான்.