வழியும் பட்டியும்: ட்ரூபலின் அட்டவணைகள் யாருக்குச் சொந்தம்?

பக்கங்களுக்கான வழிகளை நிரலில் எழுதுவதா, தரவுத்தளத்தில் வைப்பதா என்பது பி.எச்.பி. நிரலாளர்களிடையே பழைய வழக்கு. லாராவெல் என்ற நிரலாக்கக் கட்டமைப்பில் வழிகள் நிரல்கோப்பில் இருக்கின்றன. உள்ளடக்க மேலாண்மை அமைப்பான ட்ரூபல் தரவுத்தள அட்டவணையைக் கேட்டே பக்கத்தைத் தருகிறது. அட்டவணை எங்கே இருக்கிறது என்பதைவிட, அதை எழுதும் உரிமை யாருக்கு என்பதே முதன்மையான கேள்வி என்பது இக்கட்டுரையின் வாதம். ட்ரூபலின் வரலாறு அதற்குச் சான்று.

2008-இல் வந்த ட்ரூபல் 6, வழியையும் பட்டியையும் இரண்டு அட்டவணைகளாகப் பிரித்தது. எந்த முகவரிக்கு எந்தச் செயற்கூறு, யாருக்கு அனுமதி என்பதை ‘மெனு ரவுட்டர்’ சொன்னது. பார்வையாளர் காணும் பட்டியின் கிளைகளை ‘மெனு லிங்க்ஸ்’ அடுக்கியது.

முதல் அட்டவணையில் தேடும் முறை நுட்பமானது. ‘நோட்/12/எடிட்’ என்ற முகவரிக்குப் பொருந்தக்கூடிய வடிவங்கள் ஏழு. ஒரு துண்டு உரிய சொல்லாகவே நின்றால் 1, எதையும் ஏற்கும் % குறியாக நின்றால் 0 என ஒவ்வொரு வடிவத்துக்கும் ஓர் இரும எண் அமைகிறது. ‘நோட்/%/எடிட்’ 101, அதாவது 5. ‘நோட்/%/%’ 100, அதாவது 4. அட்டவணையில் இருப்பவற்றுள் பெரிய எண் வெல்லும். வழிகள் எத்தனை இருந்தாலும் ஒரே வினவலில் விடை கிடைத்துவிடும்.

இரண்டாவது அட்டவணை, ஒவ்வோர் இணைப்பின் மூதாதையரையும் பி1 முதல் பி9 வரையான நெடுவரிசைகளில் எழுதிவைத்தது. மைஎஸ்க்யூஎல்லுக்குத் தொடர்சுழல் வினவல் 2018-இல், 8.0 பதிப்பில்தான் வந்தது. அதற்குப் பத்தாண்டு முன்பே ஒரு கிளை முழுவதையும் ஒரே வினவலில் எடுக்க இவ்வமைப்பு வழிசெய்தது. விலையும் உண்டு: பட்டி ஒன்பது அடுக்கைத் தாண்டாது, ஒரு கிளையை இடம்மாற்றினால் அதன் கீழுள்ள எல்லா வரிசைகளையும் திருத்த வேண்டும்.

சிக்கல் வேகத்தில் இல்லை, உரிமையில் இருந்தது. வழி அட்டவணை நிரலிலிருந்து பிறப்பது. அழித்தாலும் மீண்டும் கட்டலாம். பட்டி அட்டவணையிலோ நிரல் தந்த இணைப்புகளும் தளப் பதிப்பாசிரியர் சேர்த்த இணைப்புகளும் கலந்து கிடந்தன. நிரல் தந்த இணைப்பை ஆசிரியர் திருத்தினால், மறுகட்டமைப்பு அதை மேலெழுதாதிருக்க ‘கஸ்டமைஸ்டு’ என்ற தனி அடையாளம் தேவைப்பட்டது. ஒரே வரிசைக்கு இரண்டு உரிமையாளர்கள் இருந்ததற்கு அந்த நெடுவரிசையே சாட்சி.

2015-இல் வந்த ட்ரூபல் 8 இந்த முடிச்சை அவிழ்த்தது. வழிகளும் நிரல் தரும் இணைப்புகளும் யாமல் (YAML) எனும் உரைவடிவில் அமைந்த தனித்தனிக் கோப்புகளுக்குச் சென்றன. ஆசிரியரின் இணைப்புகள் உள்ளடக்கமாகச் சேமிக்கப்பட்டன. நிரல் தந்த இணைப்பில் ஆசிரியர் செய்யும் திருத்தம் தள அமைவில் பதிந்தது. ‘மெனு ட்ரீ’ அட்டவணை இவற்றைத் திரட்டும் வெறும் சுட்டுவரிசையாகியது (இன்டெக்ஸ்). பி1 முதல் பி9 வரை அதில் அப்படியே தொடர்கின்றன என்பது கவனிக்கத்தக்கது: மாறியது கிளைகளை அடுக்கும் முறை அன்று, சொந்தம்.

முன்பு ஒரே செயற்கூற்றில் எழுதியதை இப்போது பல கோப்புகளில் எழுத வேண்டியிருக்கிறது என்ற குறை நியாயமானதே. ஆனால் அந்தக் கூடுதல் உழைப்பு நிரலாளருக்கு ஒருமுறைதான். கலந்துகிடந்த உரிமையின் தொல்லையோ ஒவ்வொரு மறுகட்டமைப்பிலும் தலைகாட்டியது.

ஆகவே, பக்கவழி அமைப்பை வடிவமைப்பவர் ஒவ்வோர் அட்டவணையையும் ஒரே கேள்வியால் சோதிக்கலாம்: இதை இன்று அழித்தால் வேறு மூலங்களிலிருந்து முழுமையாக மீட்க முடியுமா? முடியும் என்றால் அது சுட்டுவரிசை. முடியாது என்றால் உள்ளடக்கம். பாதி முடியும் என்ற விடை வந்தால், அந்த அட்டவணையை இரண்டாகப் பிரிக்க வேண்டும்.