கிளிக்குக்குக் காசு, காசுக்குப் பதில் கிரெடிட்

காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலம் பார்த்தவங்களுக்கு இன்றைய கதை சுலபமா புரியும். அங்கே விலை கேட்கிற ஆள் கண் முன்னாடி நிற்கிறார். 1998-ல் அமெரிக்காவில் பில் கிராஸ் தொடங்கிய கோடூ தேடுதளமும் ஏலம்தான் விட்டது, ஆனால் மீனை அல்ல, சொல்லை. ஒரு சொல்லுக்கு அதிகம் கேட்பவரின் விளம்பரம் மேலே வரும். யாராவது அதை கிளிக் செய்தால்தான் காசு. 2002-ல் கூகுளும் இந்த முறைக்கு வந்தது. கிளிக் செய்கிற கை யாருடையது? அது மட்டும் தெரியாது.

ஓட்டை அங்கேதான். போட்டிக் கடைக்காரர் கிளிக் பண்ணிப் பண்ணியே எதிராளியின் பணத்தைக் கரைக்கலாம். 2003-ல் ஆட்சென்ஸ் வந்து, விளம்பரம் போட இடம் தரும் தளக்காரருக்கும் பங்கு கொடுத்தது. தன் தளத்து விளம்பரத்தைத் தானே கிளிக் செய்ய ஒரு காரணம் கிடைச்சாச்சு. 2004 மே மாதம் டைம்ஸ் ஆஃப் இந்தியா ஒரு செய்தி போட்டது: நம்ம பெருநகரங்களில் குடும்பத் தலைவிகளும் பட்டதாரிகளும் வீட்டில் உட்கார்ந்து விளம்பரங்களை கிளிக் செய்து மாதம் 100 முதல் 200 டாலர் சம்பாதிக்கிறார்கள் என்று. அவங்களை மோசடிக்காரங்கன்னு சொல்ல எனக்கு மனசு வரலை. கூலி கொடுத்து ஏவியவர்தான் விஷயம் தெரிந்தவர்.

பணம் கரைந்தது விளம்பரம் கொடுத்த கடைக்காரருக்கு. ஆர்கன்சா மாநிலத்தின் லேன்ஸ் கிஃப்ட்ஸ் என்ற பரிசுப்பொருள் கடை 2005-ல் வழக்குப் போட்டது. 2006 மார்ச்சில் கூகுள் சமரசத்துக்கு வந்தது: 9 கோடி டாலர் வரை. கேட்க பெரிசா இருக்கு இல்ல? அதில் வக்கீல்களுக்கு மட்டும் 3 கோடி வரை. மிச்சம் ரொக்கம் இல்லை, கூகுளிலேயே மறுபடி விளம்பரம் போட கிரெடிட். அழுகின மீனுக்குக் காசு திருப்பிக் கேட்டால், "அடுத்த வாரம் என்கிட்டயே வாங்கு, கழிச்சுக்கறேன்"னு மீன்காரம்மா சொல்ற மாதிரி. ஒரே நல்லது, 60 நாளுக்குள் புகார் செய்யணும் என்ற கெடு தளர்ந்து, 2002 வரைக்கும் பின்னோக்கிக் கேட்க முடிந்தது.

வழக்கின் பகுதியாக நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்சாண்டர் துழிலின் கூகுளின் வடிகட்டிகளை ஆராய்ந்தார். முயற்சிகள் நியாயமானவை என்றார். ஆனால் அதே அறிக்கையில் இன்னொன்று: ஒருவர் பழக்கத்தில் டபுள் கிளிக் செய்தால், 2005 மார்ச் வரை இரண்டுக்கும் காசு வாங்கியிருக்கிறார்கள். எது செல்லாத கிளிக் என்பதற்கான விதியை முழுசா வெளியே சொன்னால் மோசடிக்காரர் அதைத் தாண்டிவிடுவார். சொல்லாவிட்டால் விளம்பரம் கொடுத்தவர் நம்பித்தான் ஆகணும். அந்த ஜூலையில் கூகுள், செல்லாத கிளிக்குகளின் எண்ணிக்கையைக் கணக்கில் காட்டத் தொடங்கியது. எண்ணிக்கையை மட்டும்.